மக்ரூன் வாங்கியது யார்

நூல் சுற்றிய கோனைக் கையில் எடுத்து ஒரு திருப்புத் திருப்பினால் சொர்ணாம்பாளுக்குத் தெரிந்துவிடும். விரலில் ஒரு முடிச்சுத் தட்டுப்பட்டால் போதும், அது பெட்டிக்குப் போகாது. விக்கிரமசிங்கபுரம் மில்லில் அவள் தள்ளிய கோனை மறுபடி கொண்டுபோய் அவள் முன்னால் வைக்க மேஸ்திரிக்கும் துணிச்சல் வராது.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா தவறிப்போக, படிப்பை விட்டு மில்லுக்கு வந்தவள். தம்பி குமரகுருபரனுக்கு அப்போது சிலேட்டைப் பிடிக்கிற வயது. அவனை என்ஜினீயராக்கிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபோது தனக்குக் கல்யாண வயது கடந்திருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டதில்லை. "என் தம்பி" என்று சொல்லும்போது மட்டும் கழுத்து கொஞ்சம் நீளும்.

அந்தத் தம்பி பாளையங்கோட்டை ரீபாவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. சொர்ணாம்பாள் சத்தம் போடவில்லை. பெண் கிறிஸ்தவப் பெண்ணாக இருந்தால் என்ன, நல்ல பெண்தானே என்றாள். தெரு அவள் மனசைப் புகழ்ந்தது. அந்தப் புகழ் அவளுக்கு வேண்டியும் இருந்தது. ஆனால் சுத்த சைவமான அவளுக்குத் தம்பி வீட்டில் பாலும் பழமும்தான். ரீபா கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் ஏற்றுவதில்லை. அப்படியும் சொர்ணாம்பாள் தண்ணீர்ச் செம்பை ஒருமுறை கழுவிக்கொண்டுதான் குடிப்பாள்.

தூத்துக்குடி பார்க்கப் போகலாம் என்று சொன்னது ரீபாதான். பாபநாசத்தில் இறங்குகிற ஆற்றோடேயே வளர்ந்தும், அது போய்ச் சேருகிற கடலைச் சரியாகப் பார்த்ததில்லை என்று மதினி சொர்ணாம்பாள் எப்போதோ சொன்னதை மனதில் வைத்திருந்தாள். சொர்ணாம்பாள் முதல் நாளே பாளையங்கோட்டையில் தம்பி வீட்டுக்கு வந்து, விடிவதற்குள் புளிசாதமும் துவையலும் தன் கையால் செய்து கட்டிக்கொண்டாள். வெளியில் எங்கேயும் வாய் நனைக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

காலையில் உப்பளங்களைத் தாண்டும்போது வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருந்ததைப் பார்த்துக் குழந்தை மாதிரி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். பனிமய மாதா கோயிலுக்குள் ரீபா கூப்பிடாமலே தானாகப் போனாள். தரையின் சுத்தத்தை மெச்சினாள். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் வெங்காய மூட்டையும் செங்கல்லும் ஏறுவதைப் பார்த்து, அடுக்குகிற நேர்த்தி மில் ஆட்களுக்கு வராது என்றாள். அன்றைக்கு அவளுக்கு எல்லாமே பிடித்திருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான், முயல் தீவுக் கடற்கரைக்குப் போகிற வழியில் பேக்கரியைப் பார்த்ததும், தூத்துக்குடிக்கு வந்துவிட்டு மக்ரூன் வாங்காமல் போவதா என்று வண்டியை நிறுத்தச் சொன்னாள். குமரகுருபரன் வண்டியை நிழலில் விடப் போனான். பெண்கள் இருவரும் கடைக்குள் போனார்கள்.

சொர்ணாம்பாள் வாங்குவதென்றால் சும்மாவா. நெய்யா டால்டாவா என்று கேட்டாள். ரெண்டுமே கிடையாது, முந்திரியும் சீனியும்தான் அரைக்கிறோம் என்று கடைக்காரர் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் இன்றைக்குப் போட்டதா என்று அடுத்த கேள்வி. திருநெல்வேலிப் பக்கம் மிட்டாய்க் கடை என்றால் சைவம். அதில் கேட்க என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

"மதினி, அதுல வந்து..." என்று ரீபா பைய ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு பிள்ளே. எங்க வாய்க்கு எது ஆவும் எது ஆவாதுன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். நாக்கில் பட்டதும் கரைந்தது. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். ரீபா திறந்த வாயை மூடிக்கொண்டாள். தின்ற பிறகு சொல்லி என்ன ஆகப் போகிறது.

முயல் தீவில் கடல் அடங்கிக் கிடந்தது. குமரகுருபரன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். நிழலில் இவர்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. ஊர் ஸ்ரீவைகுண்டம். பேச்சுக் கொடுத்ததில் இரண்டு பேருக்கும் பொதுவான உறவுக்காரர்கள் தென்காசியில் அகப்பட்டார்கள். சைவப் பிள்ளைமார் வீட்டுப் பழக்கம் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறது, வெளியில் கண்டதைத் தின்கிறார்கள் என்று அந்த அம்மாள் சலித்துக்கொள்ள, சொர்ணாம்பாள் அதற்கு மேலே ஒரு படி போனாள். தான் சோறு கட்டி வந்ததைச் சொன்னாள். கடைசியில் மக்ரூன் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"கூச்சப்படாம எடுங்க. நான் பாக்காம எதையும் தொடமாட்டேன்."

அந்த அம்மாள் கையை நீட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. இதுல முட்டை வெள்ளைக்கரு அடிச்சு ஊத்துவாவல்லா? நாங்க எடுக்கதில்ல" என்றாள்.

சொர்ணாம்பாளின் காதுமடல் சுட்டது. டப்பாவை மூடவும் முடியவில்லை, நீட்டிய கையை இழுக்கவும் முடியவில்லை. அந்த அம்மாளின் பார்வை டப்பாவிலிருந்து அவள் முகத்துக்கு ஏறி வருவதற்குள் வாயில் வார்த்தை வந்துவிட்டது.

"இவ வாங்குனதுங்க. தம்பி பொண்டாட்டி. அவுக சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக, அவளுக்கு என்ன தெரியும்."

சொல்லிவிட்டுத்தான் ரீபாவைப் பார்த்தாள். ரீபா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்து, "ஆமாம்மா, நான்தான் கவனிக்கல" என்றாள். அந்த அம்மாள் ரொம்பப் பெருந்தன்மையாக, போகட்டும், இனிமேல் பார்த்து நடந்துகொள் என்று அவளுக்குப் புத்தி சொன்னாள்.

ஈரக் காலோடு வந்து நின்ற குமரகுருபரன் இதை முழுக்கக் கேட்டிருந்தான்.

அதற்குப் பிறகு முயல் தீவில் பார்க்க எதுவும் இருக்கவில்லை. சொர்ணாம்பாள் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். இனிப்பு போய்விட்டது. தான் சொன்னது போகவில்லை.

திரும்பும் வழியில் வாகைக்குளம் தாண்டியதும் குமரகுருபரன் ரீபாவை ஏசத் தொடங்கினான். அக்கா இத்தனை வருஷம் காத்துவந்த நெறியை ஒரு டப்பா மிட்டாயில் கெடுத்துவிட்டாயே, முட்டை இருக்கும் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த ரீபா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அவளுடைய கழுத்துச் சங்கிலியின் கொக்கியையே பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள் சொர்ணாம்பாள். ரீபாவே உண்மையைச் சொல்லிவிட்டால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே கேவலமாக இருந்தது.

"லே குமரா, வாங்குனது நான்."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். "நீ இப்படி விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்துத்தான்க்கா... அவளைக் காப்பாத்தாத."

சொர்ணாம்பாள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொய் சொன்னபோது ஒரு நொடியில் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் அதையும் அவளுடைய நல்ல மனசு என்கிறார்கள்.

"வண்டியை ஓரமா நிறுத்துலே."

வல்லநாட்டுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்: கடையில் என்ன கேட்டாள், ரீபா எதைச் சொல்ல வந்தாள், தான் எப்படி அவள் வாயை அடைத்தாள் என்பது வரை. "நம்மாளு முன்னால சின்னப்பட்டுப் போயிருவேன்னு இவ தலையில தூக்கி வச்சேன்லே. இவ ஒத்த வார்த்தை மறுத்துப் பேசல."

குமரகுருபரன் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையைப் பார்த்திருந்தான். ரீபாதான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

"இவங்ககிட்ட சொல்லிட்டீங்க. சரி மதினி. அந்தம்மாகிட்ட இனி யாரு சொல்லுவா?"

ஸ்ரீவைகுண்டம் என்பது தெரியும். பெயர் கேட்டு வைக்கவில்லை. தென்காசி உறவுக்காரர்களைப் பிடித்தால் விசாரிக்கலாம். விசாரித்து, போன் நம்பர் வாங்கி, என்னவென்று சொல்வது? அந்த அம்மாள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, கிறிஸ்தவ வீட்டுப் பெண் ஒருத்தி நாத்தனாருக்கு முட்டை வாங்கிக் கொடுத்த கதையைத்தான் சொல்லப் போகிறாள்.

"நான் சொல்லுதேன்" என்றாள் சொர்ணாம்பாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "தென்காசியில கேட்டு, நானே பேசுதேன்."

பேசினாலும் பேசுவாள், பேசாமலும் போவாள் என்பது போல ரீபா தலையை மட்டும் ஆட்டினாள். குமரகுருபரன் வண்டியை எடுத்தான். பாபநாசத்தில் இறங்குகிற அதே ஆற்றின் பாலம் வந்தது. எங்கே அந்த ஆற்றைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிற சொர்ணாம்பாள் அன்றைக்குக் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.