உலகம் வீட்டில் இல்லை

மகள் இன்று முதன்முதலாகக் கணினி நிரல் எழுத உட்கார்ந்தாள். பக்கத்துக் கடையின் ஜெனரேற்றர் புகை ஜன்னலால் வந்ததும், சமாதான காலத்தில் மன்னாரில் திறந்து, பிறகு திரும்பிய யுத்தத்தில் ஓடுகூட மிஞ்சாமல் போன கணினி வகுப்புக்குள் நினைவில் மீண்டும் இருந்தேன்.

டீசல் மணமும் உப்புக்காற்றில் பிசுபிசுத்த விசைப்பலகைகளுமாக இருந்த அந்த அறையில், கணினியை உலகத்துக்கு வணக்கம் சொல்லவைப்பதே முதல் பாடம். அமெரிக்காவில் யாரோ பாடநூலில் எழுதிய வரி எல்லா நாட்டுக்கும் வழக்கமாகிவிட்டது என்பார் படிப்பித்த சேர். எங்கள் வழக்கம் வேறு. திரையில் பிழை வந்தவர், உட்காரும் மர வாங்கில் ஏறி நின்று, தன் வாயாலேயே உலகத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டும்; உடனே "உலகம் வீட்டில இல்லை, நாளைக்கு வாங்கோ!" என்று மற்றவர்கள் கத்துவோம். அதைத் தொடக்கிவைத்தவன் நான்.

வெள்ளாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஜெசிந்தா மூன்று நாள் வாங்கில் ஏறினாள். மூன்றாம் நாள், "எனக்கு வீடே இல்லை, நீங்கள் கத்துங்கோ" என்று இறங்கிப் போனவள், பிறகு வரவேயில்லை. அன்றும் சிரித்தோம்.

இன்று மகளின் திரையில் சிவப்பாகப் பிழை வந்தது.

"ஏனப்பா சிரிக்கிறியள்?" என்று கேட்டுக் கணினியை மூடினாள்.

சிரித்தது எனக்கே தெரியவில்லை. அவள் இன்னும் அதைத் திறக்கவில்லை.