பசி வந்த நாள்

இலங்கையில் பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடம் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கூடம் அது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கங்காணி கூட என்னிடம் பேசுமுன் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட என் வாய் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்றின் முன்னால் அடைத்துப்போனது. தொண்ணூறுகளின் பிற்பகுதி, ஓயாத மழைக்காலம்.

அந்தப் பெண் குழந்தை அழவே மாட்டாள். விட்ட இடத்தில் இருப்பாள், கூரையைப் பார்ப்பாள், தூங்குவாள். சோறு ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “நல்ல புள்ள, தொந்தரவே இல்ல” என்று நான்தான் ஊர் முழுக்கப் புகழ்ந்துகொண்டு திரிந்தேன். அவள் வாயில் எப்போதும் பால் போத்தல் இருக்கும். பேர்தான் பால் போத்தல். உள்ளே இருந்தது சீனி போட்ட, பாலில்லாத தேத்தண்ணி. தாய் காலையில் நிறைத்துக் கொடுப்பாள், முடிந்தால் நான் என் கேத்தலிலிருந்து ஊற்றுவேன்.

இதில் யாருக்கும் தவறு தெரியவில்லை. எங்கள் குடியிருப்பான லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒற்றைச் சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. ஒரு பிள்ளை அழுதால் வரிசை முழுக்கக் கேட்கும். எங்கள் பெண்கள் கிழிந்த சேலையோடு நாலு பேர் முன்னால் நிற்பார்கள், ஆனால் பிள்ளையைப் பசியில் அழவிட்டவள் என்ற பேரை மட்டும் தாங்கமாட்டார்கள். அதனால் பிள்ளையின் முகம் கோணும் முன்பே போத்தல் வாய்க்குப் போய்விடும். நானும் அப்படித்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன்.

மாதம் ஒருமுறை நிறுக்க வரும் மிட்வைஃப் சிங்களவர், எங்களோடு தமிழ் கலந்து பேசுவார். அன்று பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டார். முள் அசையக் கூச்சப்பட்டது. அட்டையில் அவர் வைத்த புள்ளி சிவப்புக் கோட்டுக்கும் கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற தாயிடம், அடுத்த மாதமும் நிறை கூடாவிட்டால் வார்டில் சேர்க்க வேண்டும் என்றார். மூத்த பிள்ளையைக் காய்ச்சலில் ஒரு வார்டில் பறிகொடுத்தவள் அவள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு மலைக்கு ஏறிவிட்டாள்.

மிட்வைஃப் என்னைப் பார்த்து, “இந்த பபாவுக்குப் படகினி வாறதே இல்லையா?” என்றார். குழந்தையின் பசியைத்தான் சிங்களத்தில் அப்படிக் கேட்டார்.

“எங்க புள்ளைகள நாங்க பசிக்க விடமாட்டோம் மிஸ்ஸி,” என்றேன் வெடுக்கென்று.

“அதுதான் பிழை. தேத்தண்ணி வயித்த நெரப்புது. பசி வர எடமில்ல. நிப்பாட்டுங்க. கொஞ்சம் கொஞ்சமா சோறு குடுத்துப் பாருங்க.”

கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்தப் புள்ளி கண்ணை விட்டுப் போகவில்லை. ‘உன் பிள்ளையைப் பசிக்க வைக்கப்போகிறேன்’ என்று ஒரு தாயிடம் எந்த வாயால் சொல்வது? நீளமான என் வாயாலும் முடியவில்லை. மறுநாள் அவள் போத்தலைத் தந்துவிட்டுப் போனதும் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினேன். மாலையில் காலிப் போத்தலைக் கண்டு அவள் சந்தோஷப்பட்டபோது எனக்குக் குத்தியது.

முதல் நாள் பிள்ளை சிணுங்கினாள். கொதித்தாறிய தண்ணீரைக் கரண்டியால் கொடுத்தேன், மசித்த சோற்றைத் துப்பினாள். இரண்டாம் நாளும் அதே கதை. கொன்றுவிடுவேனோ என்று பயந்து கேத்தலைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தேன்.

மூன்றாம் நாள், பெண்கள் மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்குச் சற்று முன், அவள் அழுதாள். கை காலை உதைத்துக்கொண்டு, நெஞ்சைப் பிளக்கிற மாதிரி. இத்தனை சின்ன உடம்புக்குள் இவ்வளவு சத்தம் எங்கே இருந்தது? மற்றப் பிள்ளைகளெல்லாம் அவளையே பார்த்தன. பாதையில் வந்துகொண்டிருந்த தாய்க்குக் கேட்டிருக்கிறது. கூடையை வெளியே எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

“என்னாக்கா, எம்புள்ளயப் பசியில கதற விட்டிருக்கீங்க! போத்தல் எங்க?”

“குடுக்கலம்மா. மூணு நாளா கொட்டிட்டேன். கொஞ்சம் பொறு.”

“என்னா பொறுக்க? இதையும் சாகக் குடுக்கச் சொல்றீங்களா?”

அவள் கேத்தலை எட்டி எடுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் மல்லுக்கு நிற்கையில் அழுகை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தோம். நான் பாதியில் வைத்த மதியச் சோற்றுத் தட்டு தரையில் இருந்தது. பிள்ளை சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். பருப்புச் சோற்றில் கையை விட்டாள், பாதியைச் சிந்திப் பாதியை வாய்க்குள் தள்ளினாள். மென்றாள். பிறகு அடுத்த பிடி.

பசியை நாங்கள் பரம்பரை எதிரியாகவே பார்த்து வந்தவர்கள். வராதே வராதே என்று வாசலிலேயே நின்று விரட்டியிருக்கிறோம். அது ஒரு பிள்ளைக்குள் முதல்முறை கண் திறந்து, எழுப்பி, நடத்தி, கையைத் தட்டில் கொண்டுபோய் வைத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். சாமி வந்த இடத்தில் நிற்பதைப்போல நின்றேன். தாய் கேத்தலைக் கீழே வைத்ததும், என் தோளில் சாய்ந்ததும் பிறகுதான் தெரிந்தது.

ஒன்றிரண்டு பிடிதான் தின்றாள். எனக்கு அதுவே போதும். மிட்வைஃப் சொன்னதையெல்லாம் தாயிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். போத்தலை எடுத்துப்போக மறந்தாளா, விட்டுப்போனாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் காம்பரா என்னுடையதற்கு இரண்டு தள்ளி. அன்று மாலை விளக்கு வைக்கிற நேரம், அவள் உலையில் அரிசி போட்டிருப்பாள், பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்தாள். வரிசை முழுக்கக் கேட்டது. இப்போது தேத்தண்ணி போட்டுவிடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அழுகை நிற்கவில்லை.

யாரோ ஒருத்தி சுவருக்கு மேலே குரல் கொடுத்தாள்: “ஏன் புள்ள, பாப்பா இப்பிடி அழுவுறா?”

அகப்பை உலையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பத்துக் காம்பராவுக்கும் கேட்கும்படி அந்தத் தாய் சொன்னாள்:

“அவளுக்குப் பசிக்குதாம்!”