டெல்ஃபினா அவிழ்த்த நாற்பத்தொன்பது சுற்று

டெல்ஃபினா பர்ராகானுக்கு எண்ணத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் டாலிவர் மோட்டார் கம்பெனியில் ஒரு காலத்தில் வேலை பார்த்த நாற்பது பெண்களும் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவள் செய்தது அது ஒன்றைத்தான். தலைமுடி போன்ற செம்புக் கம்பியை இரும்புத் துண்டின் மூன்று கைகளிலும் ஐம்பது ஐம்பது சுற்றாகச் சுற்றி, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் செய்வாள். வாய் ஸ்பானிஷில் எண்ணும், கை சுற்றும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முப்பத்தேழில் நிறுத்தி, பதில் சொல்லிவிட்டு, முப்பத்தெட்டில் தொடர்வாள். 

ஹாதோர்னில் விமான நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. அங்கே செய்த மோட்டார் தீப்பெட்டியில் பாதி இருக்கும். உள்ளங்கை நீளப் பந்தயக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, பள்ளம் வெட்டிய மரத்தடத்தில் அதைக் கண்மண் தெரியாமல் இழுத்துக்கொண்டு ஓடும். அறுபத்தைந்தாம் வருஷம் தெருவுக்கொரு பந்தயக் கூடம் இருந்தது. பிள்ளைக்கு வாங்குகிறோம் என்று வந்த தகப்பன்மார்கள் பிள்ளையை ஓரமாக நிறுத்திவிட்டு விசையைத் தாங்களே அழுத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றே வருஷத்தில் மோகம் தீர்ந்தது. கூடங்களில் சோபா விற்க ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த கூடங்களுக்கு ஹாங்காங்கிலிருந்து இயந்திரம் சுற்றிய மோட்டார் மூன்றில் ஒரு பங்கு விலையில் வந்து இறங்கியது. நாற்பது பெண்கள் இருபதானார்கள், ஆறானார்கள். எழுபத்தைந்தாம் வருஷம் இரண்டு பேர் மிச்சம். சுற்றுவதற்கு டெல்ஃபினா, சுற்றியதைச் சமன்பார்த்துச் சோதிக்க ஃபூமி மொரிதா.

ஆனாலும் டாலிவர் மோட்டார் வேகத்தில் யாருக்கும் சளைத்ததில்லை. அதே விதிக்கு உட்பட்ட மற்ற மோட்டார்களைவிட ஒரு மயிரிழை முன்னால்தான் ஓடும். அது ஏன் என்பதுதான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துச் சண்டை.

"எல்லாம் என் காந்தம்" என்பார் முதலாளி வெர்ன் டாலிவர்.

"காந்தம் கடையில கிடைக்கும், மிஸ்டர் வெர்ன். இந்தக் கை கிடைக்குமா?" என்று மொச்சை மசியல் ஒட்டிய விரல்களை டெல்ஃபினா ஆட்டிக் காட்டுவாள்.

"நான் தராசுல வச்சுச் சரிபண்ணலேன்னா உங்க காந்தமும் கையும் தடத்தை விட்டு எகிறிப் போய்ச் சுவத்துல முட்டும்" என்று ஃபூமி தன் சோற்றுருண்டையிலிருந்து தலை தூக்காமலே முடித்து வைப்பாள்.

மூன்று பேரும் தப்பு. அது பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் வெர்ன் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். பெல்ஃப்ளவர் கூடத்தில் சனிக்கிழமை மேற்கு மாநிலங்களுக்கான பந்தயம். இல்லினாயிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வருகிறார். டாலிவர் ஜெயித்தால் இரண்டாயிரம் மோட்டாருக்கு ஆர்டர். அது ஒரு வருஷத்துச் சோறு.

"ஜெயிக்கலேன்னா?" என்றாள் டெல்ஃபினா.

"திங்கட்கிழமை சாவியைக் கட்டிட ஓனர்கிட்ட குடுத்துடறேன்."

டெல்ஃபினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் கணவன் எலீசியோ வார்ப்புப் பட்டறைத் தூசியில் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தான். அந்த ஆக்சிஜன் டாலிவர் கம்பெனி இன்ஷூரன்ஸில் வந்துகொண்டிருந்தது. சாவி கைமாறினால் குழாயும் நிற்கும். அவள் அன்றே மூன்று ஆர்மேச்சர் சுற்றினாள். வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காகச் சுற்றியதில்லை. சுற்றி முடித்து ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை வெர்ன் இருவரையும் வேனில் அழைத்துப் போனார். டாலிவர் கார் அரைத் தடம் முன்னால் வந்து ஜெயித்தது. இல்லினாய் வியாபாரி வெர்ன் தோளில் கை போட்டார். ஃபூமி, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, டெல்ஃபினாவைக் கட்டிப்பிடித்தாள். அப்போதுதான் இரண்டாவதாக வந்த கம்பெனிக்காரன் கையைத் தூக்கினான்.

"பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க."

விதிப்படி கேட்கலாம். கையொன்றுக்கு ஐம்பது சுற்று இருக்க வேண்டும். குறைந்தால் மோட்டார் வேகமாக ஓடும், அது மோசடி. இத்தனை வருஷமும் மீட்டரில் முள்ளைப் பார்த்துச் சரி என்று விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு சுற்று வித்தியாசத்துக்கெல்லாம் அந்த முள் அசையாது. அவிழ்த்து எண்ணும் விதி அந்த வருஷம்தான் வந்திருந்தது. நடுவர் ஆஸ்ட்ரண்டர் ஆர்மேச்சருக்குச் சூடு காட்டிப் பசையை இளக்கினார். முதல் கையை அவிழ்க்கும்போது இருபதாவது சுற்றில் கம்பி அவர் தடித்த விரலில் அறுந்தது.

"இது என் கைக்கு ஆகாது" என்றார்.

தவளை தன் வாயால் கெடும். வெர்ன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சுத்தினவளே அவுக்கட்டும். எங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல" என்றார்.

எதிராளி ஒத்துக்கொண்டான். இரண்டாவது கையை அவிழ்க்க டெல்ஃபினா விளக்கடியில் உட்கார்ந்தாள். நடுவர் பூதக்கண்ணாடி வழியாகக் கம்பியையே பார்த்தார். அவள் உரக்க எண்ண வேண்டும் என்றார். அவள் ஸ்பானிஷில்தான் எண்ணினாள். அந்த ஊரில் அது புரியாதவன் யார்? சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. முழுச் சுற்று கழன்று வந்தால் ஒன்று. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை ஆண்பிள்ளைகள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது கிடையாது.

இருபத்தாறில் ஏதோ நெருடியது. சுற்றும்போது இருபத்தாறு என்றால் கை வேறொரு இடத்தில் அல்லவா இருக்கும்?

முப்பதில் அது என்ன என்று தெரிந்துவிட்டது. 

அறுபத்து நான்காம் வருஷம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வெர்ன் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சொல்லிக் கொடுத்தது காதில் விழுந்தது. "கம்பியை மேல தகட்டுல மாட்டு. கீழ இறக்கி இரும்புல வை. வச்சதும் ஒண்ணுன்னு சொல்லு. அங்கேர்ந்து நிக்காம போ." வைத்தவுடனே ஒன்று. இன்னும் ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்கவில்லை. முதல் முழுச் சுற்று முடியும்போது வாய் இரண்டு என்று சொல்லும். ஐம்பது என்று வாய் சொல்லும்போது இரும்பில் இருந்தது நாற்பத்தொன்பது. முதற்கோணல் முற்றும் கோணல். நாற்பது பெண்கள், பதினோரு வருஷம், லட்சக்கணக்கான மோட்டார், எல்லாவற்றிலும் ஒரு சுற்று கம்மி. அந்த மயிரிழை வேகம் காந்தமும் இல்லை, கையும் இல்லை, தராசும் இல்லை.

வெர்ன் அங்கே வியாபாரியிடம் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அவளை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பாரா?

ஒரு எண்ணைத் தாண்டிவிட்டால் போதும். நடுவர் கம்பியைத்தான் பார்க்கிறார். கூட்டம் பாதிக் காதோடு கேட்கிறது. நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு என்றால் எவன் கண்டான்? எலீசியோவின் குழாய் கண் முன்னால் வந்தது. கன்னி மாதாவே, ஒரே ஒரு பொய் என்று வேண்டிக்கொண்டாள். அவள் ஒன்றும் புனிதவதி இல்லை. பொய்யைச் சொல்லிவிடுவது என்று முடிவே கட்டிவிட்டாள்.

நாற்பது என்றாள். சுற்று கழன்றது. நாற்பத்தொன்று என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சரி, அடுத்தது. நாற்பத்திரண்டு. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று. ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை நடந்த பாதையில் அந்த நாக்கு நடந்துகொண்டே இருந்தது. குதிக்க அதற்குப் பழக்கமில்லை. நாற்பத்தொன்பது என்றாள். கம்பி முனை கையோடு வந்துவிட்டது.

நடுவர் கண்ணாடியை விலக்கி அவளைப் பார்த்தார். "இன்னொரு கை இருக்கு. அதையும் பாப்போம்" என்றார். அதிலும் நாற்பத்தொன்பதுதான்.

திரும்பும் வழியில் வேனில் டெல்ஃபினா நடந்ததைச் சொன்னாள். தகட்டையும், இறக்கத்தையும், முதல் ஒன்றையும் சொன்னாள். வெர்ன் ஸ்டியரிங்கில் விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். ஓரமாக வண்டியை நிறுத்தி இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"விமானக் கம்பெனியில ஜெனரேட்டருக்கு அப்படித்தான் எண்ணுவோம்" என்றார். பிறகு, "ஒரே ஒரு நம்பரை முழுங்கியிருக்கலாமே, டெல்ஃபினா" என்றார்.

"முழுங்கப் பாத்தேன். வாய் வரல."

ஃபூமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாபாரி மோசமான ஆள் இல்லை. சரியான ஐம்பது சுற்றில் ஒன்று செய்து காட்டுங்கள், ஓடுகிற விதத்தைப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று திங்கட்கிழமை கொட்டகைக்கே வந்தார். ஃபூமி பக்கத்தில் நின்று எண்ண, டெல்ஃபினா வாயை இறுக மூடிக்கொண்டு சுற்றினாள். அரை மணி ஆயிற்று. மேஜையில் ஓட விட்டார்கள். பக்கத்திலேயே ஹாங்காங் மோட்டாரும் ஓடியது. ஃபூமி வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றார் வெர்ன்.

"ரெண்டும் ஒண்ணு."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன், வெர்ன். ரெண்டும் ஒண்ணு."

வியாபாரி தொப்பியை எடுத்துக்கொண்டார். மூன்று மடங்கு விலைக்கு இதை நான் யாரிடம் விற்பேன் என்று தணிந்த குரலில்தான் கேட்டார். அன்று மத்தியானம் வெர்ன் காந்தப் பெட்டிகளைத் தானே வேனில் ஏற்றினார். உதவ வந்த டெல்ஃபினாவை வேண்டாம் என்று கையசைத்தார். மாதக் கடைசியோடு இன்ஷூரன்ஸ் முடியும் என்ற கடிதம் மறுவாரம் வந்தது. அவள் அதை எலீசியோவின் தலையணைக்கு எட்டாத தூரத்தில், மாவு டப்பாவுக்குள் வைத்தாள்.

கார்டீனாவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் ஒரு பட்டறையில் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்ற ஆள் வேண்டும், இன்ஷூரன்ஸும் உண்டு என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். மேற்பார்வைக்காரி சின்னப் பெண், மரியாதையானவள். இருநூறு சுற்றில் ஒரு காயில் சுற்றச் சொன்னாள். சுற்றியதை எண்ணிச் சொல்ல அங்கே ஒரு கருவி இருந்தது.

முதல் காயிலில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. தெரிந்ததுதானே என்று டெல்ஃபினா தன்னையே திட்டிக்கொண்டு, அடுத்ததில் கடைசியில் ஒரு சுற்று கூட்டினாள். இருநூற்றொன்று வந்தது. பயத்தில் இந்தத் தடவை ஆரம்பத்தைச் சரியாகவே எண்ணிவிட்டாளாம். மூன்றாவதில் ஒன்று என்று சொன்னவுடன் கை நின்றுவிட்டது. சொன்னது வைத்ததற்கா, சுற்றியதற்கா? அவிழ்த்தாள். மறுபடி ஒன்று என்றாள். மறுபடி அவிழ்த்தாள். வியர்வை கம்பியில் சொட்டியது. மேற்பார்வைக்காரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கை ரொம்ப அழகா ஓடுதுங்கம்மா. இவ்வளவு நேர்த்தியா யாரும் சுத்தி நான் பாத்ததில்ல. எண்ணிக்கைதான் நிக்கல."

"பழகிடும்."

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"டாலிவர்ல."

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு" என்றாள் டெல்ஃபினா. சொன்ன பிறகு, சேர்ந்த வருஷத்தையும் கூட்டித்தான் சொன்னோமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அறுபத்து நான்கு என்று சுண்டுவிரலை மடக்கினாள். பிறகு அதை நிமிர்த்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.