வெள்ளிக்கிழமை வந்த கோல்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: தோட்டத்துக் கடைக்கார அக்கா. நாற்காலியில் அவள் புருஷன். தன் புருஷனின் டெலிபோன் கோலுக்காகக் காத்திருந்த, எங்கள் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி. வேறு போக்கிடம் இல்லாத பென்சன் தாத்தா ஒருவர். படிக்கு வெளியே நான். டெலிபோனின் அந்தப் பக்கம், குவைத்தில், என் தங்கச்சி.

அம்மா செத்து ஆறாம் நாள் அது. தங்கச்சிக்குத் தெரியாது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம். வரிசை வீடுகளான ஐந்து லயத்துக்கும் சேர்த்து ஒரே டெலிபோன்தான். கடைக்கார அக்கா வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்குக் கீழே ஒரு பலகையில் இருந்தது. அதற்குப் பின்னிய துணியில் ஒரு மூடி, காதில் வைக்கும் பகுதியில் சந்தனப் பொட்டு. யாரும் வெளியே கோல் எடுத்துவிடக் கூடாது என்று எண் சுழற்றும் இடத்தில் சின்னப் பூட்டு. சாவி அக்காவின் தாலிக்கொடியில் தொங்கும்.

நம்பர் ஐந்து எண். கடைச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாரத்தில், ஆஸ்பத்திரி கார்டில், வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சியில் என்று எல்லோரும் அதையே எங்கள் வீட்டு நம்பர் என்று எழுதினோம். அக்காவிடம் கேட்டுக்கொண்டு எழுதியவர் யாரும் இல்லை. அந்தக் கோபம் அவளுக்கு எப்போதும் உண்டு. கோல் வந்தால் வாசலில் நின்று, "ராணிமாருக்கெல்லாம் கோல் வந்திருக்கு, வாங்கடி" என்று லயத்தைப் பார்த்துக் கத்துவாள். ஓடுவோம்.

தங்கச்சிக்கு வேலை செய்கிற வீட்டில் போனைத் தொட அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை அந்த வீட்டு ஆட்கள் பள்ளிவாசலுக்குப் போகிற நேரத்தில் மட்டும் திருட்டுத்தனமாக எங்களுக்குக் கோல் எடுப்பாள். எங்களுக்கு அது பகல் இரண்டரை மணி. ஒவ்வொரு வெள்ளியும் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வருவேன். அம்மாவும் நானும் மாறி மாறிப் பேசுவோம். இரண்டு நிமிடம், அவ்வளவுதான். அந்த வீட்டு நம்பரை அவள் எங்களுக்குத் தரவில்லை. தந்தால் வேலை போய்விடும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை செத்தாள். மார்வலி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் அடக்கம்.

அன்றே ஒரு கடிதம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெள்ளிக்கிழமை எப்படியும் எடுப்பாள், வாயால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பதினாறாம் நாளுக்குள் அவளுக்குத் தெரிய வேண்டும். அந்த வீட்டுக் குளியலறையிலாவது அம்மாவை நினைத்து அவள் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போனேன். தீட்டு வீட்டுக்காரி அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. படிக்குக் கீழே நின்றேன். டெலிபோன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"தங்கச்சியாக்கா?"

"ஆமா. அங்கயே நில்லு. படியில ஏறாத."

"அந்த வயரக் கொஞ்சம் இழுத்துத் தாங்கக்கா. எட்டிப் பேசிக்கிறேன்."

"வயரு எங்க வரும்? பலகையோட வந்துரும்."

"அப்பன்னா நீங்களே சொல்லிருங்க. அம்மா தவறிருச்சுன்னு."

அவள் கையால் டெலிபோனின் வாயைப் பொத்தினாள்.

"என்னடி பேசுற? வெள்ளிக்கிழம. வீடு கழுவி சாம்பிராணி போட்டு வச்சிருக்கேன். சாமிக்கு முன்னால நின்னு எழவு சொல்லச் சொல்றியா?"

தாத்தா சொன்னார்: "டெலிபோனுக்கு வெள்ளி செவ்வா எல்லாம் தெரியுமா புள்ள?"

"நீங்க டீ குடிச்சாச்சில்ல தாத்தா? கெளம்புங்க."

அவள் புருஷன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா கையை எடுத்தாள். குரல் மாறியது. "எல்லாரும் சொகந்தான் தங்கம். அம்மாவா? அம்மா கொழுந்தெடுக்கப் போயிருக்கு. அடுத்த வாரம் எடு." வைத்துவிட்டாள். மூடியைச் சரிசெய்தாள்.

நான் படி ஏறி உள்ளே போய் அதைப் பிடுங்கியிருக்கலாம். மூன்று எட்டுத் தூரம். போகவில்லை. தீட்டோடு போனால் நாளைக்கு அந்த வீட்டில் எது நடந்தாலும் என் தலையில்தான் விழும் என்று பயம். அந்தப் பயத்தை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அடுத்த வெள்ளி பதின்மூன்றாம் நாள். காலையிலேயே பக்கத்துக் காம்பராக்காரியிடம் கேட்டேன். அவளுக்குத் தீட்டு இல்லை, உள்ளே போகலாம்.

"ஒரு வார்த்த சொல்லிரு. அம்மா இல்லன்னு மட்டும்."

"சொல்லுவேன்டி. நாளைக்கு எம் புருஷன் கோல் வந்தா அவ என்னயக் கூப்பிடுவாளா? நீ வந்து கூப்பிடுவியா?"

அவள் சொன்னதும் சரி. அன்றைக்கும் படிக்குக் கீழேதான் நின்றேன். தங்கச்சி என்னைக் கேட்டிருக்கிறாள். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டெலிபோனில் சொன்னாள்: "அக்காவா? அது மலைக்குப் போயிருச்சே. அம்மா தூங்குது. நல்லாருக்கு, நல்லாருக்கு."

கத்தினேன். "தங்கச்சி!" என்றுதான் கத்தினேன். அதற்குள் அக்கா வைத்துவிட்டாள்.

"கழுதயாட்டம் கத்துற? ஓசிப் போனுக்கு இவ்வளவு திமிரு."

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. அக்காவும் வந்திருந்தாள். முதல் பந்தியில் உட்கார்ந்து, ரசம் சப்பென்று இருக்கிறது என்றாள்.

மூன்றாவது வெள்ளி. தீட்டுக் கழிந்துவிட்டது. தலைமுழுகி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு இரண்டு மணிக்கே போனேன். இனி யார் தடுப்பது என்று நினைத்தேன். கதவில் பூட்டு. கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடன் என்று இருவரும் காலை பஸ்ஸில் போய்விட்டார்களாம்.

இரண்டரைக்கு உள்ளே மணி அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூடியும் பொட்டும் தெரிந்தன. கம்பிக்குள் கையை விட்டேன். எட்டவில்லை. அது அடித்து முடியும்வரை நின்றேன். பிறகு மலைக்குத் திரும்பினேன். அன்றைக்குக் கொழுந்து கம்மி என்று கங்காணி ஏசினான்.

மறுநாள் கடிதம் எழுதினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நாலு வரி. அம்மா போய்விட்டது. பதினாறு முடிந்தது. போனில் சொன்னது பொய். அழாதே.

அடுத்த இரண்டு வெள்ளியும் போய் நின்றேன்; அந்த வீட்டில் ஆள் இருந்ததால் தங்கச்சியால் கோல் எடுக்க முடியவில்லையாம். பதில் வந்தது. அம்மாவுக்குக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருப்பதாகவும் அதை என்ன செய்வதென்றும் தங்கச்சி கேட்டிருந்தாள். எல்லோரும் சுகம் என்று கேட்ட இரண்டு வெள்ளியும் அந்த வீட்டுச் சமையலறையில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தாளாம். அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

போன மாதம் லயத்தில் ஒரு சடங்கு வீடு. எல்லார் கையிலும் போன். பழைய காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தச் சுவர் நம்பரை ஒருவன் பாட்டுப் போலச் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். "ஒரு போனு, ஒரே குடும்பமா இருந்தோம்" என்றான். அவன் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டான்.

கடைக்கார அக்கா முன்வரிசை நாற்காலியில் இருந்தாள். கையில் ஊன்றுகோல். பல் இல்லாமல் சிரித்தாள். "என் வீட்டு நம்பருதான்டா இந்தத் தோட்டத்துக்கே நம்பரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

அந்த ஐந்து எண்ணும் மறக்கவில்லை. மறக்காத கணக்கு இன்னொன்றும் உண்டு. என் கடிதத்தைப் பிரித்த நாளைத் தங்கச்சி பதிலில் எழுதியிருந்தாள். அம்மா செத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த நாள்வரை காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன்.

முப்பத்தேழு.