இரண்டு காதிலும் ஒரே மேளம்

மூன்று முறை வேண்டாம் என்று சொல்லாமல் யாரையும் விடக்கூடாது என்பது எங்கள் கம்பெனியின் சட்டம். செல்போனில் எடுக்கும் போட்டோக்களைச் சேமித்து வைக்கும் ஆப் எங்களுடையது, மாதச் சந்தா. நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களிடம் முதலில் தள்ளுபடி பேச வேண்டும். மசியவில்லையென்றால் படங்கள் அழிந்துவிடும் என்று பயமுறுத்த வேண்டும். மூன்றாம் தடவை வரைக்கும் தாக்குப்பிடிப்பவர்கள் குறைவு. நிறுத்திய பிறகும் ஒரு மாதத்துக்குப் படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களாகக் கேட்டால் மட்டும்தான் சொல்ல வேண்டுமாம். தெரியாத ஒன்றை யார் கேட்பார்கள்?

நான் புத்தூர்க்காரி. மகளின் ஸ்கூலுக்காக ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாசல் அறையில் வயரில்லாத ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கம்பெனி கொடுத்த பொய்ப் பெயரில், பெங்களூரில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவளைப் போலக் குழைந்து குழைந்து பேசுவேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரிப்பார். எனக்கு எரிச்சல்தான் வரும், கம்பெனி மேல் பாதி, என் மேல் பாதி.

அன்று காலை ஒரு அம்மாள் கூப்பிட்டார்.

"எங்காத்துக்காரர் பரமபதிச்சு ஒரு வருஷம் ஆயிடுத்து. அவர் இருந்தப்போ போட்டுண்ட ஆப்பு இது. எனக்கு வேண்டாம்மா, நிறுத்திடு."

தள்ளுபடி பேசினேன். வேண்டவே வேண்டாம் என்றார். அடுத்த வசனத்துக்குத் தாவினேன்.

"நிறுத்தினீங்கன்னா போட்டோ எல்லாம் அழிஞ்சிடுங்க மேடம்."

"அவர் படமெல்லாம் அதுலதானே இருக்கு. வேற எங்கேயும் இல்லையே" என்றார். குரல் உடைந்திருந்தது. அப்படியானால் இருக்கட்டும் என்று அவர் சொல்வதற்காக நான் காத்திருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த நேரம் பார்த்து வீதியில் மேளம் கேட்டது. பெருமாள் புறப்பாடு. ஹெட்செட் மாட்டாத காதில் ஜன்னல் வழியாக வந்த மேளம், கொஞ்சம் தாமதமாக மற்ற காதிலும் கேட்டது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன்.

"சித்த இரும்மா. பெருமாள் எழுந்தருளிண்டிருக்கார், சேவிச்சுட்டு வந்துடறேன்" என்றார் அந்த அம்மாள். போனை வைக்கவில்லை.

எங்கள் வீதியில் பெருமாள் வாசலுக்கு வந்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடுவார்கள். நாலு மாதத்தில் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. பேச்சின் நடுவில் எழுந்து போகக்கூடாது என்பதையும் மறந்து, ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு ஓடினேன்.

பல்லக்கு சற்று நின்று நகர்ந்தது. எதிர் வீட்டு வாசல் தெரிந்தது. காலையில் கோலம் போடும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கும் மாமி அங்கே நின்றிருந்தார். சிரிப்பதோடு சரி, உட்கார்ந்து பேசிப் பழகியதில்லை. கூப்பிய கைகளுக்கு நடுவில் செல்போன். அதைக் காதில் வைத்தார்.

"ஹலோ, இருக்கியாம்மா?"

எதிர் வாசலில் உதடு அசைந்தது. என் கழுத்தில் குரல் கேட்டது.

உள்ளே போய் உட்கார்ந்து பாக்கி வசனத்தையும் பேசியிருக்கலாம். வெட்கத்தில் உடம்பு கூசியது. வீதியைக் கடந்து போனேன்.

"மாமி, உங்ககிட்ட இவ்வளவு நேரம் போன்ல பேசினது நான்தாங்க. போட்டோ அழியாதுங்க, ஒரு மாசத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கலாம். நான் சொன்னது பொய்."

என் கழுத்தையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"அழியாதா?" என்றார்.

"அழியாதுங்க."

"நிஜமாவா?"

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன். சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

லேப்டாப்பை அவர் கூடத்துக்கே கொண்டுபோய் எல்லாப் படங்களையும் பென் டிரைவில் இறக்கினேன். பாதியில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். அழைப்பின் பதிவில் எல்லாம் இருந்ததாம், மேளம் முதல் என் வாக்குமூலம் வரை. விளக்கம் எழுதித் தரச் சொன்னார். வேலையை விடுகிறேன் என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"சார், மூணு தடவை சொல்ல வைக்காதீங்க" என்று வைத்துவிட்டேன். எவ்வளவு நாளாயிற்று நான் அப்படி மூச்சு விட்டு.

மாமி இதையெல்லாம் கவனிக்கவேயில்லை. திரையில் ஒரு படத்தைக் காட்டினார். அதே வாசலில் மாமா நிற்கிறார். நெற்றிக்கு மேல் தலையே இல்லை.

"நான் எடுத்தது. தலையை வெட்டிட்டேன்னு ரெண்டு நாள் என்னோட பேசலை" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"போன்ல ஏதோ பேர் சொன்னியே. உன் நிஜப் பேர் என்னடீம்மா?"

அந்த வேலையில் சேர்ந்த பிறகு, சந்தாவை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரிடம் முதல் தடவையாக என் சொந்தப் பெயரைச் சொன்னேன்.