இரண்டாவது டிரைவரின் இருக்கை

லாரி ஷெட்டில் அவளுக்கு வைத்த பெயர் மணியக்கா. டிரைவர் கண் அசந்தால் மணியடித்து எழுப்பும் கருவியைச் செய்கிறவள் என்பதால். படித்த இன்ஜினியரை இப்படிக் கூப்பிடுகிறார்களே என்று அவள் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிட ஆரம்பித்ததே அங்கே லாரி ஓட்டும் அவள் தம்பிதான்.

கருவியை அவன் முகத்தை வைத்தே பழக்கினாள். ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சின்ன கேமரா. இமை வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தால் மணி. அப்போதும் திறக்காவிட்டால் சீட் அதிரும். ஆரம்பத்தில் அது கொட்டாவிக்கெல்லாம் அலறி, கறுப்புக் கண்ணாடி போட்டவனைத் தூங்குமூஞ்சி என்று சொல்லி, அவள் மானத்தை வாங்கியது. விடாமல் மல்லுக்கட்டிச் சரிசெய்தாள். தம்பி முழுசாக வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

முதலாளி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. கையோடு நெடுந்தூர வண்டிகளிலிருந்து இரண்டாவது டிரைவர்களை எடுத்துவிட்டார். முன்பெல்லாம் தம்பி ஓட்டும்போது இன்னொருவர் பின்னால் படுத்திருப்பார். பாதி வழியில் மாறிக்கொள்வார்கள். இப்போது தம்பி தனி ஆள்.

அவள் போய் முறையிட்டாள்.

"இது தூக்கம் வர்றதைக் கண்டுபிடிக்கும் சார். தூக்கத்தைப் போக்காது. அதுக்கு அவங்க தூங்கத்தான் வேணும்."

"எழுப்பிவிடுதா இல்லையா, அதைச் சொல்லும்மா."

"எழுப்புது. ஆனா..."

"அப்புறம் என்ன?"

வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தாள். விடவில்லை. இன்னும் உரக்க அடித்தால் போதும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, மணியின் சத்தத்தைக் கூட்டினாள். "அக்கா, வழி பூரா அடிச்சுக்கிட்டே இருக்கு. இதுக்கு உன் பேச்சே தேவலை" என்று தம்பி போனில் சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

மேம்பாலத் திருப்பத்தில் வண்டி தடுப்புச் சுவரில் மோதியது. தம்பி உயிர் பிழைத்தான். வலது கால் போய்விட்டது. கம்பெனிக் கூட்டத்தில் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். மணி சரியாக அடித்திருந்தது, சீட்டும் அதிர்ந்திருந்தது. கருவியில் குற்றமில்லை, டிரைவரின் அலட்சியம் என்று முடிவாயிற்று. முதலாளி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவி மகள், கையை உருவிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியின் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மணி அடிச்சப்போ நீ முழிக்கலையாடா?"

"முழிச்சேன்க்கா," என்றான் அவன். "சுவர் எவ்வளவு கிட்ட இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சுது."