பகலில் தூங்குகிறவர்கள்

எங்கள் வீட்டில் பகலில் யாரும் சத்தம் போடக் கூடாது. அம்மாவுக்கு இரவு ஷிப்ட். விடியும்போது பாக்டரி பஸ் அவளை எங்கள் ஊர் ரெங்கம் கடைத்தெருவில் இறக்கிவிடும். வந்து படுத்தால் சாயங்காலம்தான் கண் திறப்பாள். மற்றப் பிள்ளைகளுக்குப் பேய் பயம் என்றால், எனக்கு அம்மாவை எழுப்பிவிடுவோமோ என்ற பயம்.

எனக்கு ஆறு வயதிருக்கும். ஒரு காலையில் பஸ் நின்றும் அம்மா இறங்கவில்லை. சீட்டில் சாய்ந்தபடியே உயிர் போயிருந்தது. என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. கூடத்தில் அவளைப் படுக்க வைத்துவிட்டு அத்தனை பேரும் அழுதார்கள். இப்படிக் கத்தி எழுப்பப் பார்க்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போதே எங்கள் ஊரில் பிணத்துக்குப் பெட்டியும் வண்டியும்தான். பெரியப்பா மட்டும் பச்சை மூங்கில் பாடைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மாமா காட்டோரம் போய் வெட்டிக்கொண்டு வந்தார். பின்கட்டில் வைத்து அறுக்கும்போது ஒரு மூங்கிலில் வட்டமாக ஓட்டை தெரிந்தது. உள்ளே காய்ந்த இலைக்குள் ஒரு சின்ன எலி. செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. உடம்பைவிட நீளமான வால், அதன் நுனியில் மட்டும் பிரஷ் மாதிரி கொத்து முடி. ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது.

“செத்துப்போச்சா மாமா?”

“இல்ல லா பாப்பா. மூங்கில் எலி. பகல்ல தூங்கும், இருட்டினா எந்திரிச்சிரும். நீ பாத்துக்க.”

அந்தத் துண்டை மட்டும் தனியாக அறுத்து, வெட்டுவாயில் துணியை அடைத்து என் மடியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எலிக்கும் இரவு ஷிப்ட்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா எழுந்ததும் காட்ட வேண்டும். அத்தையிடம் அப்படிச் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா, மூங்கில் துண்டோடு என்னைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் ரொட்டி கொடுத்தாள்.

இருட்டும் நேரத்தில் ஓட்டையில் மீசை ஆடியது. பிறகு பெரிய கறுப்புக் கண்கள். விரலால் ஓட்டையை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கூடம் கழுவி ஈரமாகக் கிடந்தது. அம்மா இல்லை. விரல் நழுவியது, எலி என் சட்டையில் ஏறிக் குதித்து வேலிச் செடிக்குள் போய்விட்டது.

மாமா ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா என்னிடம் சொல்லாமலே வேலைக்குப் போய்விட்டாள், காலையில் பஸ் வரட்டும், அவளோடு பேசவே மாட்டேன் என்று அவரிடம் அழுதேன்.

“சரி பாப்பா,” என்றார் மாமா. “பேச வேணாம்.”